முதல் பெண் தூதருக்குச் சூட்டப்படும் மாலையும் 1961ஆம் ஆண்டின் இரு விதிகளும்

இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, தூதர் பொறுப்பை ஏற்ற முதல் பெண் யார் என்ற வினா போட்டித் தேர்வுக் கையேடுகளில் தவறாமல் இடம்பெறுகிறது. விடை, சி. பி. முத்தம்மா. ஆண்டு 1970, நாடு ஹங்கேரி. ஒரு மதிப்பெண்ணோடு அந்த வாழ்க்கை முடிந்துவிடுகிறது. பணியில் சேரும் நாளில் அவரிடம் இந்திய அரசு எந்தத் தாளில் கையொப்பம் வாங்கியது, முப்பது ஆண்டுகள் கழித்து அதே அரசை எதிர்த்து அவர் ஏன் உச்ச நீதிமன்றப் படியேறினார், அந்த வழக்கில் உண்மையில் வென்றவர் யார் என்ற வினாக்களுக்கு மதிப்பெண் இல்லை. ஆண்டுதோறும் மகளிர் தினத்தன்று அவருடைய படத்துக்கு மாலை சூட்டும் வழக்கம் மட்டும் தொடர்கிறது. மாலையின் மணத்தில் மறைந்துபோவது ஓர் அரசின் நடத்தை.

சோனிரா பெள்ளியப்பா முத்தம்மா 1924இல் குடகு நாட்டு விராஜ்பேட்டையில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பட்டமும், மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலையும் பெற்றவர். விடுதலைக்குப் பிறகு 1948இல்தான் இந்திய அரசு தன் உயர் பணிகள் அனைத்தையும் பெண்களுக்குத் திறந்துவிட்டதாக அறிவித்தது. அந்த அறிவிப்பை நம்பித் தேர்வெழுதி, 1949இல் வெளியுறவுப் பணியில் நுழைந்த முதல் பெண் அவர். நேர்காணல் குழு அவரை அப்பணியைத் தேர்ந்தெடுக்க வேண்டாமென்று தடுக்க முயன்றது. அவர் விலகவில்லை. சேர்ந்தபோது, திருமணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விலகிவிடுவதாக எழுத்து மூலம் உறுதியளிக்க வேண்டியிருந்தது. உடன் சேர்ந்த ஆண்கள் எவரிடமும் அத்தகைய உறுதிமொழி கேட்கப்படவில்லை. கதவைத் திறந்த கையே தாழ்ப்பாளையும் பற்றிக்கொண்டிருந்தது.

இது தொடக்கக் காலக் குழப்பம், நாளடைவில் சரியாகிவிட்டது என்று சமாதானம் கூறுவோர் உண்டு. ஆவணங்கள் அச்சமாதானத்துக்கு இடம் தரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1961இல், அந்தத் தயக்கம் முறையான சட்ட வடிவம் பெற்றது. வெளியுறவுப் பணியின் ஆள்சேர்ப்பு, பணிமூப்பு, பதவி உயர்வு குறித்த விதிகளில் 18(4) என்ற உட்பிரிவு, மணமான எந்தப் பெண்ணும் இப்பணியில் நியமனம் பெறுவதை உரிமையாகக் கோர முடியாது என்றது. நடத்தை, ஒழுங்கு குறித்த விதிகளில் 8(2) என்ற உட்பிரிவு இன்னும் ஒருபடி மேலே சென்றது. பணியிலுள்ள பெண் திருமணத்துக்கு முன்பே அரசின் எழுத்துபூர்வ அனுமதியைப் பெற வேண்டும். திருமணத்துக்குப் பின், அவருடைய குடும்பக் கடமைகள் அலுவலுக்கு இடையூறாக இருக்கக்கூடும் என்று அரசு கருதினால், எந்த நேரத்திலும் அவரைப் பதவி விலகச் சொல்லலாம். முதல் விதி வாசலில் நின்றது. இரண்டாவது விதி வீட்டுக்குள் நுழைந்தது.

இரண்டாவது விதியின் சொற்களை ஆய்வு மாணவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். அலுவலுக்கு இடையூறு நேர்ந்தது என்று எவரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நேரக்கூடும் என்று அரசுக்குத் தோன்றினால் போதும். நடந்த குற்றத்துக்கு அன்றி, நடக்கலாம் என்ற ஊகத்துக்குத் தண்டனை. அந்த ஊகத்தைச் செய்பவர்களும் அதன் சரிபிழையை முடிவுசெய்பவர்களும் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள்.

அந்த விதிகளுக்கு ஆதரவாகப் பொதுவாகச் சொல்லப்படும் வாதங்கள் இரண்டு. முதலாவது, காலம் அப்படிப்பட்டது என்பது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தூதரகப் பணியிலிருந்த பெண்கள் திருமணம் செய்துகொண்டால் விலக வேண்டும் என்ற வழக்கம் 1970களின் தொடக்கம் வரை இருந்தது மெய்தான். பிரிட்டன் தன் முதல் பெண் தூதரை டென்மார்க்குக்கு அனுப்பியதே 1976இல். அதைவிட ஆறு ஆண்டுகள் முன்பாகவே இந்தியா முத்தம்மாவைப் புடாபெஸ்டுக்கு அனுப்பிவிட்டது என்று பெருமை பேசுவதற்கும் இடமுண்டு. ஆனால் பிரிட்டனுக்கு இல்லாத ஒன்று இந்தியாவுக்கு இருந்தது. 1950 முதல் நடைமுறையிலுள்ள அரசமைப்புச் சட்டத்தின் 14, 15, 16ஆம் உறுப்புகள் சமத்துவத்தை அடிப்படை உரிமையாக்கியிருந்தன. அரசு வேலைவாய்ப்பில் பால் அடிப்படையிலான பாகுபாடு கூடாது என்பதை 16ஆம் உறுப்பு தனியே எடுத்துச் சொல்கிறது. 1961ஆம் ஆண்டின் விதிகளை எழுதியவர்கள் அந்தச் சட்டத்தின் கீழ்ச் சம்பளம் வாங்கியவர்கள். அரசமைப்புக்கு முந்தைய பழைய விதி ஒன்று கவனிப்பாரின்றி எஞ்சிப்போயிற்று என்று அவர்கள் சொல்ல முடியாது. அரசமைப்பு வந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, அதைத் தெரிந்துகொண்டே, புதிதாக எழுதப்பட்ட விதிகள் அவை. காலத்தின்மேல் பழிபோடுவது எழுதிய கைகளைக் காப்பாற்றும் வழி.

இரண்டாவது வாதம், பணியின் தன்மை அத்தகையது என்பது. மூன்றாண்டுக்கு ஒருமுறை நாடு மாற வேண்டும், கணவனின் வேலை என்னவாகும், குழந்தைகளின் படிப்பு என்னவாகும், அரசு இரகசியங்கள் என்னவாகும் என்று அடுக்கப்படும். இவற்றுள் இரகசியம் பற்றிய அச்சத்துக்கு இங்கே வேலையே இல்லை. வெளிநாட்டவரை மணப்பது குறித்து அதே 8ஆம் விதியின் முதல் உட்பிரிவு தனியே பேசுகிறது. அந்த உட்பிரிவு பொருந்தாத திருமணங்களுக்காக, அதாவது இந்தியரையே மணக்கும் பெண்ணுக்காக எழுதப்பட்டது இரண்டாவது உட்பிரிவு. மற்றவை ஆணுக்கும் அப்படியே பொருந்துவன. ஆண் அதிகாரிக்கும் மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் நாடு மாறியது. அவருக்கும் குழந்தைகள் இருந்தன. வேறுபாடு ஒன்றே ஒன்று. அவருடைய வீட்டை அவருடைய மனைவி சுமந்தார். தூதரக விருந்துகளை ஒழுங்குசெய்வது, விருந்தினரை உபசரிப்பது, பிற தூதர்களின் குடும்பங்களோடு நட்பைப் பேணுவது என்று ஊதியமில்லாத இன்னோர் அலுவலையும் சேர்த்துச் சுமந்தார். ஓர் ஆணை நியமித்தால் அரசுக்கு இருவரின் உழைப்பு கிடைத்தது. மணமான பெண்ணை நியமித்தால் ஒருவருடைய உழைப்புதான் கிடைக்கும் என்ற கணக்கு அந்த விதிக்குப் பின்னால் இருந்தது. அதற்குச் சூட்டப்பட்ட பெயர் நிர்வாகத் திறன்.

இந்தக் கணக்கின் பொய்மையை மெய்ப்பிக்க வெளிநாட்டுச் சான்று தேவையில்லை. விஜயலட்சுமி பண்டிட் 1947இல் மாஸ்கோவுக்கும் 1949இல் வாஷிங்டனுக்கும் இந்தியத் தூதராகச் சென்றார். 1953இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் தலைவரானார். 1954 முதல் 1961 வரை லண்டனில் உயர் ஆணையராக இருந்தார். அவர் மூன்று பெண்களின் தாய். அரசியல் நியமனமாகச் சென்றவர் என்பதால் பணி விதிகள் அவரைத் தொடவில்லை. குடும்பம் இருந்தால் தூதரகம் நடத்த முடியாது என்று விதி எழுதிய அதே அரசு, உலகின் மிக முக்கியமான தலைநகரங்களில் ஒரு தாயைத் தன் முகமாக நிறுத்தியிருந்தது. வல்லரசுகளின் தலைநகரங்களில் தூதரகத்தை நடத்தும் ஆற்றல் பெண்ணுக்கு உண்டு என்பது அந்த அரசுக்குத் தெரியும். தேர்வெழுதி உரிமையோடு உள்ளே வரும் பெண்ணைத்தான் அது அஞ்சியது. தலைவர்கள் விரும்பி அளிக்கும் பதவியில் அமரும் பெண் நாட்டுக்கு அணிகலன். மதிப்பெண் பெற்று வரும் பெண் பணிமூப்புப் பட்டியலில் ஓர் ஆணுக்கு முன்னால் நிற்பவள்.

முத்தம்மா அந்தப் பட்டியலில் நின்றார். பாரிஸ், இரங்கூன், லண்டன், தில்லித் தலைமையகம் என்று பணியாற்றி, 1970இல் ஹங்கேரியிலும் அதன்பின் கானாவிலும் தூதராக இருந்தார். பிறகு வெளியுறவுப் பணியின் முதல் நிலைக்கான பதவி உயர்வு வந்தபோது, போதிய தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்டார். அவருக்கு இளையவர்கள் உயர்ந்தனர். இரு நாடுகளில் குடியரசின் முத்திரையோடு இருந்தவரிடம் காணாமற்போன அந்தத் தகுதி எது என்பதற்கு விளக்கமில்லை. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். உறுதிமொழி வாங்கியதில் தொடங்கி, நியமனக் குழுவின் பெண்வெறுப்பு மனநிலை வரை தம் மனுவில் எழுதினார். பணியில் இருந்துகொண்டே, தம் எதிர்காலத்தை முடிவுசெய்யும் அமைச்சகத்தின் மீது ஒரு தூதர் தொடுத்த வழக்கு அது.

1979 செப்டம்பர் 17 அன்று நீதிபதிகள் வி. ஆர். கிருஷ்ணய்யர், பி. என். சிங்கல் அமர்வு தீர்ப்பளித்தது. பெண்ணின் குடும்பக் கடமை அலுவலுக்குத் தடையென்றால் ஆணின் குடும்பக் கடமையும் அவ்வாறே தடையாகலாமே என்று கிருஷ்ணய்யர் கேட்டார். அரசமைப்பின் உறுதிமொழிக்கும் அரசின் நடைமுறைக்கும் இடையிலுள்ள பள்ளத்தைச் சுட்டினார். இந்தப் பகுதிதான் வகுப்பறைகளில் பெருமிதத்தோடு வாசிக்கப்படுகிறது. தீர்ப்பின் இறுதிப் பகுதி அத்தனை அடிக்கடி வாசிக்கப்படுவதில்லை. மனு தள்ளுபடியாயிற்று. மனுவைத் தள்ளுகிறோம், சிக்கலைத் தள்ளவில்லை என்ற பொருளில் நீதிமன்றம் எழுதியது உண்மை. ஆனாலும் தள்ளுபடி தள்ளுபடிதான்.

அது எவ்வாறு நேர்ந்தது என்பதில்தான் பாடம் இருக்கிறது. வழக்கு விசாரணைக்கு வந்தபோது அரசு மூன்று தாள்களை நீட்டியது. 18(4) விதி 1973 நவம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது என்பது ஒன்று. 8(2) விதியை நீக்கும் அரசிதழ் அறிவிப்பு விரைவில் வரவிருக்கிறது என்பது இன்னொன்று. சில மாதங்களுக்கு முன் தகுதி போதாதவராக இருந்த முத்தம்மா இப்போது தகுதியுடையவராகக் காணப்பட்டு, பதவி உயர்வு பெற்று, நெதர்லாந்தின் ஹேக் நகருக்குத் தூதராக நியமிக்கப்பட்டுவிட்டார் என்பது மூன்றாவது. குறை தீர்ந்துவிட்டதே, இனித் தீர்ப்பு எதற்கு என்ற நிலைக்கு நீதிமன்றம் கொண்டுவரப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் இழந்த பணிமூப்பை மறு ஆய்வு செய்யுமாறு அரசுக்கு ஆணையிட்டதோடு அமர்வு நிறுத்திக்கொண்டது.

சில மாதங்களில் ஒருவருடைய தகுதி முளைப்பதில்லை. முளைத்தது வழக்கு. தோற்கும் நிலை வரும்போது, வழக்குத் தொடுத்தவருக்கு மட்டும் கேட்டதைக் கொடுத்துவிட்டு, விதியைத் தானாகவே திரும்பப் பெறுவதாகச் சொல்லி, நடத்தையின் மீதான தீர்ப்பைத் தவிர்த்துக்கொள்ளும் உத்தி இது. அரசு தோற்கவில்லை. ஆகவே தவறு என்று எங்கும் பதிவாகவில்லை. தவறு பதிவாகாதபோது, அதே தவறால் பணியை இழந்த பிறருக்குக் கேட்கும் வழியும் அடைபடுகிறது. முத்தம்மாவுக்குக் கிடைத்த ஹேக் நகரப் பதவி, மற்றவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தீர்ப்பின் விலை.

தீர்ப்பிலும் ஒரு விரிசல் இருந்தது. எல்லாத் தொழில்களிலும் எல்லாச் சூழல்களிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொதுவிதி செய்யவில்லை என்றும், சில பணிகளின் தேவையும் பாலின இயல்பும் தெரிவுக்கு இடம் தரலாம் என்றும் அமர்வு குறித்துவைத்தது. முற்போக்குத் தீர்ப்பு என்று கொண்டாடுவோர் தாண்டிச் செல்லும் வரி இது. இரண்டே ஆண்டுகளில், 1981இல், ஏர் இந்தியா நிறுவனத்துக்கும் நர்கீஸ் மீர்சாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் முதல் கருவுற்றவுடன் விமானப் பணிப்பெண்ணை வெளியேற்றும் விதியை அடித்து நொறுக்கியது. ஆனால் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்துகொண்டால் வேலை போய்விடும் என்ற விதியைச் செல்லத்தக்கது என்றது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அது நல்லது என்பதும் காரணங்களில் ஒன்று.

அதற்கும் அப்பால், இராணுவச் செவிலியர் சேவை இருக்கிறது. திருமணம் செய்துகொண்டால் பணிநீக்கம் என்ற இராணுவ அறிவுறுத்தல் 1977இல் வந்தது. முத்தம்மா வழக்கின் தீர்ப்பு வந்த நாளில் அது நடைமுறையில் இருந்தது. தீர்ப்புக்குப் பிறகும் பதினாறு ஆண்டுகள், 1995 வரை, உயிரோடு இருந்தது. 1988இல் திருமணம் செய்துகொண்ட குற்றத்துக்காக ஒரு செவிலியர் அதிகாரி வெளியேற்றப்பட்டார். 2024 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் அவருக்கு 60 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டு, அந்த விதி அப்பட்டமான தன்னிச்சைப் போக்கு என்று சொன்னது. முப்பத்தாறு ஆண்டுகள். 1979இல் 8(2) விதி நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டிருந்தால், அதன் உடன்பிறப்பான இந்த அறிவுறுத்தல் அத்தனை காலம் நிமிர்ந்து நின்றிருக்குமா என்ற வினாவைச் சட்டத்துறை ஆய்வுகள் எதிர்கொள்ள வேண்டும். 2020இல் தரைப்படையில் பெண்களுக்கு நிரந்தர ஆணையம் கோரிய வழக்கிலும், தாய்மையும் வீட்டுக் கடமைகளும் பெண்களுக்குத் தடை என்ற வாதத்தை ஒன்றிய அரசு எடுத்துவைத்தது. 1961இன் சொற்கள் புதிய உறையில் வந்தன. நீதிமன்றம் அவற்றை ஏற்கவில்லை.

கல்வித் துறைக்கு இதில் இரண்டு பொறுப்புகள் உண்டு. ஒன்று, ஆய்வைப் பற்றியது. முதலாமவரைப் பற்றி எழுதுவது எளிது. விட்டுச்சென்றவர்களைப் பற்றி எழுதுவதற்குக் கோப்புகளைத் தோண்ட வேண்டும். மீரா சின்ஹா பட்டாச்சார்ஜி வெளியுறவுப் பணியில் சேர்ந்து பீஜிங்கில் பணியாற்றியவர். திருமணத்தின் பொருட்டு அப்பணியை விட்டவர். பின்னர் தில்லியில் சீன ஆய்வுகளை வளர்த்த முன்னோடிகளுள் ஒருவரானார். வெளியுறவு அமைச்சகம் இழந்தது பல்கலைக்கழகத்துக்கு வாய்த்தது. அப்படி வேறிடம் தேடிக்கொள்ள முடியாதவர்கள், நியமன ஆணையோடு வந்த நிபந்தனையைப் படித்துவிட்டுத் தேர்வே எழுதாமல் நின்றவர்கள், அனுமதி கோரும் கடிதத்தை எழுதிவிட்டுக் காத்திருந்தவர்கள் ஆகியோரின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. இந்தியாவின் அயலுறவுக் கொள்கையைப் பற்றி அலமாரி அலமாரியாக நூல்கள் இருக்கின்றன. அக்கொள்கையை நடத்தும் பணி யாரையெல்லாம் வெளியே நிறுத்தியது என்பது அந்த நூல்களில் அடிக்குறிப்பு அளவுக்குக்கூட வருவது அரிது. அணிசேராமையை விளக்க நூறு பக்கம் செலவிடும் ஆய்வேடு, அதைப் பேசும் உரிமை யாருக்கு இருந்தது என்பதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாம்.

இன்னொரு பொறுப்பு, நடத்தையைப் பற்றியது. 8(2) விதி நூலிலிருந்து மறைந்தது. அதன் வினா மறையவில்லை. திருமணம் எப்போது, குழந்தை இருக்கிறதா, கணவர் எந்த ஊர், களப்பணிக்கு வெளியூர் போக வீட்டில் விடுவார்களா என்று முனைவர் பட்டச் சேர்க்கையிலும் உதவிப் பேராசிரியர் நேர்காணலிலும் பெண்களிடம் மட்டும் கேட்கப்படும் வினாக்கள், அந்த உட்பிரிவின் வாய்மொழி வடிவங்கள். எழுதப்பட்ட விதியை எதிர்த்து வழக்குத் தொடரலாம். தேர்வுக் குழுவின் மனத்திலிருக்கும் விதி, போதிய தகுதி இல்லை என்ற ஒரு வரியாக மட்டும் வெளியே வரும். முத்தம்மாவுக்கு வந்ததும் அதே வரிதான். அவரைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் துறைகள், தம்முடைய நேர்காணல் அறையில் அந்த வரி எத்தனை முறை எழுதப்பட்டது என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

தகுதி போதாது என்று ஒதுக்கப்பட்ட அந்த அதிகாரி 1982இல் ஓய்வுபெற்றார். சுவீடனின் ஓலோஃப் பால்மே தலைமையில் அமைந்த, ஆயுதக் குறைப்பும் பாதுகாப்பும் பற்றிய சுதந்திர ஆணையத்தில் இந்திய உறுப்பினராக இடம்பெற்றார். 2003இல் வெளிவந்த தம் நூலில் இந்திய ஆட்சியமைப்பின் சீர்கேட்டைக் கடுமையாக விமர்சித்தார். 2009இல் பெங்களூரில் மறைந்தார். அவர் பணியில் நுழைந்து ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2001இல்தான் சொகிலா ஐயர் வெளியுறவுச் செயலர் பதவியில் அமர்ந்த முதல் பெண்ணானார். அந்த அரை நூற்றாண்டை, பெண்கள் மெல்ல மெல்ல முன்னேறினார்கள் என்று பாடநூல்கள் எழுதுகின்றன. பெண்கள் 1949லேயே வந்துவிட்டார்கள். மெல்ல நகர்ந்தது அரசு.

ஆகவே, முதல் பெண் தூதர் என்ற ஒற்றை வரியைப் பாடத்திட்டத்தில் வைத்திருக்கும் ஒவ்வொரு துறையும் அதன் கீழே 18(4), 8(2) ஆகிய இரு விதிகளின் முழு வாசகத்தையும் அச்சிட வேண்டும். 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பை அதன் கடைசிப் பத்தி வரை, தள்ளுபடி என்ற சொல் வரை, மாணவர்கள் வாசிக்க வேண்டும். நியமனக் குழுவின் அக்காலக் கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுமாறு பல்கலைக்கழகங்கள் கோர வேண்டும். அவர் தள்ளுபடியாகாமல் விட்டுச்சென்ற சிக்கலை எடுத்துக்கொள்ளாத வரை, அந்தப் படத்துக்கு மாலை சூட்டும் உரிமை எவருக்கும் இல்லை.